டிக் போடும் முன் ஒரு கேள்வி



ஒரு சின்ன பாய்மரப் படகு புதிதாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கப்பல் இல்லை. ஆறு மீட்டர் நீளம், நாலு பேர் உட்காரலாம், இரண்டு பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம், அவ்வளவுதான். "படகு வாங்குற வசதி நமக்கு எங்கேங்க இருக்கு?" என்று சிரிக்க வேண்டாம். நாலைந்து நண்பர்கள் பங்கு போட்டு ஒரு படகு வைத்துக்கொள்வது படகுக் கழகங்களில் சாதாரண விஷயம். நீங்கள் வாங்கவே போவதில்லை என்றாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் வாங்குபவராக உட்கார்ந்து பாருங்கள். ஏனென்றால் நம்மை யார் என்று காட்டிக் கொடுக்கும் தாள் ஒன்று அங்கே நம் கைக்கு வரப்போகிறது.

அந்தத் தாளுக்குப் பெயர் விருப்பத் தேர்வுப் பட்டியல். படகின் அடிப்படை விலை மேலே இருக்கும். பல வேளைகளில் அந்த விலையில் எஞ்சின் இருக்காது, நங்கூரம் இருக்காது, அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் சாயம் இருக்காது, படகு நம் ஊருக்கு வந்து சேரும் கப்பல் கூலியும் இருக்காது. கீழே வரிசையாகக் கட்டங்கள். உடலுக்கு என்ன நிறம்? தளத்துக்குத் தேக்கு ஒட்டலாமா? மெத்தை உறை எந்தத் துணியில்? முன்பாயைச் சுருட்டி வைக்கும் உருளை வேண்டுமா? பலூன் போல விரியும் மூன்றாவது பாய்? கடல் வரைபடம் காட்டும் திரை? ஸ்பீக்கர்? சூரியத் தகடு? ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு விலை. நாம் செய்ய வேண்டியது டிக் போடுவது மட்டும்தான்.

நீங்கள் முதல் டிக் எதற்குப் போடுவீர்கள்?

பார்வைக்கு வருவது முதலில்

நிறைய பேர் நிறத்தில் ஆரம்பிப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே. அடுத்து தேக்குத் தளம், அடுத்து திரை, அடுத்து பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். படகைக் கரையில் நிறுத்தினால் நாலு பேர் பார்த்து "அடேங்கப்பா" என்று சொல்லக்கூடியவை எல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது காசும் முடிந்திருக்கும்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் தெரியுமா? பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டி அதைச் சிறிதாக்கும் இரண்டாவது வரிசைக் கட்டு. இதைப் படகோட்டிகள் ரீஃப் என்பார்கள். உள்ளே வந்த தண்ணீரை இறைக்கும் பம்ப். வி.எச்.எஃப். ரேடியோ. உடம்பைப் படகோடு பிணைக்கும் பட்டைகள். கனமான நங்கூரமும் அதற்குப் போதுமான சங்கிலியும். தண்ணீரில் விழுந்தவர் தானாக ஏறி வர ஓர் ஏணி. இவற்றில் எதையும் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்ப முடியாது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் இவை இருந்ததே யாருக்கும் தெரியாது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. யாரும் பார்க்காத ஒன்றுக்குச் செலவழிக்க ஏன் நம் மனம் இவ்வளவு தயங்குகிறது? பார்க்கப்படும் ஒன்றுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் கை நீள்கிறது? "ஆசை அதிகம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஆசை இல்லாதவன் படகே வாங்கமாட்டான். ஆசையைத் திட்டுவதால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. நாம் பார்க்க வேண்டியது, அந்த ஆசைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான்.

என் காசு, என் படகு

சிலர் சொல்வார்கள்: "என் உழைப்பு, என் காசு, என் படகு. நான் தங்க நிறமே பூசிக்கிட்டாலும் உங்களுக்கென்ன?"

நியாயமான பேச்சுதான். ஒருவர் தன் சம்பாத்தியத்தில் தனக்குப் பிடித்ததை வாங்குவதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் "என் படகு" என்பது கடலில் எவ்வளவு தூரம் உண்மை என்று கொஞ்சம் யோசிப்போம்.

ஆறு மீட்டர் படகில் தனியாகப் போவது குறைவு. கூட ஒரு நண்பர் வருவார், அவர் தங்கையை அழைத்து வருவார், தங்கை தன் தோழியைக் கூட்டி வருவாள். அந்தத் தோழி உங்கள் பட்டியலைப் பார்த்ததில்லை. எதற்கு டிக் போட்டீர்கள், எதை விட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. "அண்ணன் இருக்காரு, பார்த்துக்குவாரு" என்ற நம்பிக்கையில் ஏறுகிறாள். நீங்கள் விட்டுவிட்ட டிக்கின் விலையை அவளும் சேர்ந்து கட்ட வேண்டியிருக்கலாம். அதற்கு அப்பாலும் ஆட்கள் இருக்கிறார்கள். படகு ஆபத்தில் சிக்கினால் தேடி வருபவர்கள் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் ஊழியர்கள், சிங்கப்பூர் என்றால் போலீஸ் கடலோரக் காவற்படையினர், பல நேரம் பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர். அவர்களும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்தான்.

ஆக, கரையில் நிற்கும்வரை அது என் படகு. கயிற்றை அவிழ்த்த பிறகு அது எங்கள் எல்லாருடைய படகு. ஒரு பொருள் என்னுடையது என்பதால் அதைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் என்னோடு நின்றுவிடுவதில்லை.

நம் வீட்டில் புது காடி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டு போகிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஏறுகிற யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்ற வேண்டுதல்தான் அது. அந்த வேண்டுதலும் நம் டிக்குகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டாமா?

கடல் நம் பட்டியலைப் படிக்காது

நம் பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்வோம். மலாக்கா நீரிணையில் பெரும்பாலான நாள் காற்று மெல்லியது. பாய் தொங்கிப் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. "இந்தக் காற்றுக்கு எதுக்கு ரெண்டாவது ரீஃப்?" என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா என்று அழைக்கப்படும் காற்று வரிசை உண்டு. இரவில் சுமத்ரா பக்கத்தில் அல்லது நீரிணையின் மேல் இடிமேகங்கள் வரிசை கட்டி, கிழக்கு நோக்கி நகர்ந்து, விடிவதற்கு முன்போ காலையிலோ நம் கரையைத் தொடும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்.

இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகும். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த படகின் மேல் 60 கிலோமீட்டர் காற்று வந்து விழுந்தால், அதே பாயை அதே அளவில் விரித்து வைத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பாயைச் சிறிதாக்கும் அந்த மலிவான கயிறுகளும் கட்டுகளும்தான். அதைவிட முக்கியம், மேகத்தைப் பார்த்தவுடனே பாயைக் குறைத்துவிடும் பழக்கம். பழக்கத்துக்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

வேறு ஊரின் தேர்வு நம் ஊருக்குப் பொருந்துவதும் இல்லை. குளிர்நாட்டு விளம்பரத்தில் கருநீலப் படகு அழகாக இருக்கும். நம் வெயிலில் அதே கருநீலம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், உள்ளே இருப்பவர் வெந்து போவார். தேக்குத் தளத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கிள்ளான் துறைமுகப் பக்கம் பெரிய ஓத நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வற்றும்போது சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். அங்கே அடிக்கட்டையை மேலே தூக்கிக்கொள்ளும் வசதி ஓர் ஆடம்பரம் அல்ல. அதே வசதி ஆழமான நீரில் மட்டும் ஓட்டுபவருக்குத் தேவையில்லாத பாரம். அப்படியானால் "எது நல்ல தேர்வு?" என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே இல்லை. "எங்கே, யாரோடு, எதற்காக?" என்று கேட்ட பிறகுதான் பதில் பிறக்கிறது.

1968: இரண்டு படகுகள்

இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் தவிர்க்க முடியாத கதை ஒன்று உண்டு. 1968ல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம். ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஒருவர்தான் முடித்தார்.

அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் வேலை பார்த்த அதிகாரி. அவருடைய படகு சுஹைலி, 32 அடி நீளம், நம் பக்கத்து பம்பாயில் இந்தியத் தேக்கில் கட்டியது. அந்தப் படகு அவர் ஆசைப்பட்ட படகே இல்லை. அவரும் நண்பர்களும் வேறொரு வரைபடத்துக்கு எழுதிப் போட்டார்கள், தபாலில் வந்து சேர்ந்தது பழைய பாணிப் படகு ஒன்றின் வரைபடம். இருப்பதை வைத்துக் கட்டினார்கள். போட்டிக்கென்று இன்னும் பெரிய இரும்புப் படகு ஒன்று கட்ட முயன்றார், அதற்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே சுஹைலியிலேயே கிளம்பினார். வழியில் படகின் அடியில் தண்ணீர் கசிந்தது. கடலில் குதித்து, பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே செப்புத் தகட்டை அடித்தார். ரேடியோ பழுதானது. சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி உடைந்தது. அது இல்லாமலே பாய்களைச் சரிசெய்து படகை நேராக ஓட வைத்தார். 312 நாள்கள் கழித்து, 1969 ஏப்ரல் 22ஆம் தேதி, புறப்பட்ட ஃபால்மத் துறைமுகத்துக்கே திரும்பி வந்தார்.

இன்னொருவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர், புத்திசாலி, நாலு பிள்ளைகளின் தகப்பன். அவருடைய படகு புத்தம் புதியது, மூன்று உடல் கொண்டது, அவர் விருப்பப்படி மாற்றிக் கட்டியது. மூன்றுடல் படகுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒரு முறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. அதற்கு அவர் ஒரு வழி யோசித்தார். படகு அளவுக்கு மீறிச் சாய்ந்தால் ஒரு கணினி அதை உணரும், பாய்மர உச்சியில் இருக்கும் பை காற்றால் உப்பும், படகு முழுதாகக் கவிழாது. யோசனை வீண் அல்ல, உண்மையான ஆபத்துக்கு உண்மையான பதில்தான். ஆனால் அது முடியவில்லை. கிளம்பக் கடைசி நாள் அக்டோபர் 31. அன்றே கிளம்பினார். படகுக்குள் ஒயர்கள் எங்கும் போய்ச் சேராமல் தொங்கின, கணினி கட்டப்படவே இல்லை. காசு கொடுத்தவரோடு செய்த ஒப்பந்தப்படி தோற்றால் தொழிலும் வீடும் போகும் நிலை.

படகு தெற்குக் கடலைத் தாங்காது என்று நடுக்கடலில் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் அவமானமும் கடனும், முன்னால் போனால் மரணம். இரண்டையும் தாங்க முடியாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதுபோல் பொய்யான இடங்களை ரேடியோவில் அனுப்பினார். 1969 ஜூலை 10ஆம் தேதி அந்தப் படகு ஆள் இல்லாமல் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

இறந்து போன ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்தக் கதையைச் சொல்லவில்லை. "பழைய படகு நல்லது, புதுசு கெட்டது" என்பதும் இதன் பாடம் அல்ல. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பழைய படகும் பாதி உடைந்துதான் திரும்பியது. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை அதே படகில் வந்தவர், ஒவ்வொரு பலகையும் பழக்கம். க்ரோஹர்ஸ்ட் கையில் இருந்தது பெரும்பாலும் வாக்குறுதிகள். "இதுவும் வரும், அதுவும் செய்துவிடுவேன்" என்று சேர்ந்துகொண்டே போன வாக்குறுதிகள். நமக்குத் தெரியாத, நம்மால் பழுதுபார்க்க முடியாத, இன்னும் முடியாத ஒன்றை நம்பி மற்றவர்களுக்கு வாக்குக் கொடுப்பதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது. வேகமாக முடித்தவருக்கான பரிசு 5,000 பவுண்டும் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கே வந்தது. அதை அவர் அப்படியே க்ரோஹர்ஸ்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் சுஹைலிக்கு எத்தனையோ புது வசதிகள் வாங்கியிருக்கலாம்.

எதையும் மாற்றக் கூடாத படகு

தேர்வுப் பட்டியல் இருந்தால்தான் சுதந்திரம் என்று நினைக்கிறோம். பட்டியலே இல்லாத படகுகளும் உண்டு.

1947ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கலைஞர், வசதியில்லாத பிள்ளைகளும் ஓட்டக்கூடிய சின்னப் படகு ஒன்றை ஒட்டுப்பலகையில் வடிவமைத்தார். பெட்டி மாதிரி இருக்கும், எட்டு அடிகூட வராது. அதுதான் ஆப்டிமிஸ்ட். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிள்ளைகள் பாய்மரம் பழகுவது இதில்தான். மலேசியா, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் ஆரம்பப் பாடம் இதுவே. அடுத்து லேசர். கனடாவைச் சேர்ந்த ப்ரூஸ் கர்பி வரைந்து 1971ல் வெளிவந்தது. இன்று அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. நீளம் 4.2 மீட்டர், ஓட்ட ஒரே ஆள். சிங்கப்பூரின் ரயன் லோ டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் போட்டியில் ஓட்டியது இந்தப் படகைத்தான். மலேசியாவின் கைருல்நிசாம் அஃபெண்டியும் நூர் ஷஸ்ரினும் ஒலிம்பிக் போனது இதே வகைப் படகில்தான்.

இந்தப் படகின் விதி ரொம்பக் கறாரானது. விதிப்புத்தகம் அனுமதித்ததைத் தவிர எதையும் மாற்றக் கூடாது. துளை போடக் கூடாது, உடலை இழைக்கக் கூடாது, வேறு பாய் மாட்டக் கூடாது. "நல்ல படகு வாங்கினான், அதான் ஜெயிச்சான்" என்று யாரும் சொல்ல முடியாது. எல்லார் கையிலும் ஒரே படகு. மிச்சம் இருப்பது காற்றைப் படிக்கும் கண்ணும், தொங்கிப் பிடிக்கும் வயிறும், தோற்ற பிறகும் மறுநாள் விடியலில் வந்து நிற்கும் மனமும்தான். தேர்வை எடுத்துவிட்டார்கள், ஆள் வெளியே தெரிந்துவிட்டார்.

அதற்காக இந்த விதி எல்லாச் சமனின்மையையும் தீர்த்துவிடுகிறது என்று சொல்லவில்லை. விதிப்படியான பாயை அங்கீகரிக்கப்பட்டவர்களிடம்தான் வாங்க வேண்டும். அடிக்கடி புதுப் பாய் வாங்க முடிகிறவனுக்கும் ஒரே பாயை வருடக்கணக்கில் தைத்து ஓட்டுகிறவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. படகுக் கழகத்தின் வாசலுக்கு வரவே முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. எல்லையே இல்லாத தேர்வு சில நேரம் நம்மைத் திறமையிலிருந்து திசைதிருப்பிவிடும். "இந்தக் கருவி இருந்தா நான் நல்லா ஓட்டுவேன்" என்று சொல்லிக்கொண்டே, ஓட்டிப் பழக வேண்டிய சனிக்கிழமைகளைக் கடையில் கழித்துவிடுவோம்.

தேக்கு எங்கிருந்து வந்தது?

பட்டியலில் இருக்கும் பொருள்களுக்கும் ஒரு முன்கதை உண்டு. உலகத்தில் சிறந்த படகுத் தேக்கு என்று பெயர் வாங்கியது மியன்மார் தேக்கு. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மர விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். அந்த வருமானம் ராணுவ ஆட்சிக்குப் போகிறது என்று அதே ஆண்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த நிறுவனத்தின் மேல் தடை போட்டன. ஆக, "தேக்குத் தளம்" என்ற ஒரு டிக்குக்குப் பின்னால் ஒரு காடும் ஒரு நாட்டு மக்களின் துயரமும் இருக்கலாம். இருக்காமலும் போகலாம், தோட்டத் தேக்கும் உண்டு, தேக்கு போலவே தோன்றும் செயற்கைத் தளமும் உண்டு. ஆனால் கேட்காமல் டிக் போட்டால் எது என்று நமக்குத் தெரியவே போவதில்லை.

பின்கதையும் உண்டு. இன்றைய சின்னப் படகுகள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. கழிமுகங்களில் கைவிட்ட படகுகள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். பிரான்ஸ் நாட்டில் 2019 முதல் பழைய படகுகளைப் பிரித்து அகற்றும் செலவுக்காகப் புதுப் படகு விற்கும்போதே ஒரு தொகை வாங்குகிறார்கள். பிறக்கும்போதே ஈமச் செலவை எடுத்து வைப்பது மாதிரி. கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும், நேர்மையான ஏற்பாடு.

அப்படியானால் அழகே வேண்டாமா?

"இவ்வளவு யோசிச்சா வாழவே முடியாதுங்க. பம்பும் சங்கிலியும் மட்டும்தான் வாழ்க்கையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

வேண்டும், அழகு வேண்டும். அழகான பொருளைத்தான் நாம் துடைக்கிறோம், கழுவுகிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். தன் படகைத் தூரத்தில் பார்த்ததும் முகம் மலர்கிறவன் அதன் கயிற்றையும் கவனமாகக் கட்டுவான். அம்மாவின் பெயரைப் படகுக்கு வைத்து நல்ல எழுத்தில் எழுதினால் அது வீண் செலவு இல்லை. அழகுக்குக் கடைசி வெள்ளியைக் கொடுக்கலாம், முதல் வெள்ளியைக் கொடுக்கக் கூடாது. மற்றவர் உயிருக்கு உரியதை எடுத்து அழகுக்குக் கொடுக்கும்போது மட்டும்தான் அது அழகாக இல்லாமல் போகிறது.

சின்னப் படகில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய கப்பலில் இன்னும் ஒரு பெட்டி வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆறு மீட்டர் படகில் ஒவ்வொரு கிலோவும் தெரியும். உயரத்தில் வைத்த பாரம் படகை அதிகம் சாய்க்கும், முனையில் வைத்த பாரம் அலையில் மூக்கை முட்ட வைக்கும். ஒன்றைச் சேர்த்தால் வேறு ஒன்று குறைகிறது என்பது வெறும் தத்துவப் பேச்சு இல்லை, நீர்மட்டக் கோடு இறங்குவதை விரலால் தொட்டுக் காட்டலாம்.

மூன்று கேள்விகள்

டிக் போடும் முன் மூன்று கேள்வி கேட்கும் பழக்கம் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, இது யாருக்காக? என்னோடு ஏறுகிறவருக்காகவா, கரையில் நின்று பார்க்கிறவருக்காகவா? இரண்டுக்கும் இடம் உண்டு, வரிசைதான் முக்கியம்.

இரண்டு, இதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? காசு மட்டும் பாரம் இல்லை. மரம் வெட்டின இடம், தேடி வரும் மீட்புப் படகு, நாளைக்கு அதை எங்கே போடுவது, எல்லாம் கணக்கில் வரும்.

மூன்று, இது பழுதானால் எனக்கு என்ன செய்யத் தெரியும்? தெரியாது என்றால் கற்றுக்கொள்ளத் தயாரா? அதுவும் இல்லை என்றால், அந்தப் பொருள் என் கையில் இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, அது எனக்குத் துணை என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றுக்கும் வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள படகோட்டிகள் புதியவர்களிடம் ஒன்று சொல்வார்கள்: குறைவாக வாங்கு, ஒரு பருவம் ஓட்டிப் பார், பிறகு சேர். உயிர்காக்கும் பொருள்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது, அவை முதல் நாளே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். ஒரு வருடம் ஓட்டின பிறகு பட்டியலைத் திரும்பப் பார்த்தால், ஆசைப்பட்டதில் பாதி ஞாபகத்திலேயே இருக்காது. நினைத்தே பார்க்காத சில சின்ன விஷயங்கள், நிழலுக்கு ஒரு துணி, கை பிடிக்க ஒரு கம்பி, அவசியம் என்று தெரிய வந்திருக்கும். நம் தேவை என்ன என்பதைக்கூட நாம் வாழ்ந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

படகு வாங்காதவர்களும் இந்த மூன்று கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை மோட்டார் சைக்கிளுக்குச் சத்தமான புகைக்குழாய் போடுவதா, தேய்ந்த டயரை மாற்றுவதா என்று கையில் இருக்கும் முந்நூறு வெள்ளியைப் பார்த்து யோசிக்கும்போது, பின்சீட்டில் உட்காரப் போகிறவர் யார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டார். உங்களை நம்பித்தான் ஏறுவார்.